தொல்மனச் சிந்தனை: யாருடைய மனம்?

களக்காட்டு மாணவன்

அனைவருக்கும் வணக்கம். நான் நாட்டார் வழக்காற்றியலில் முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் ஊர்ப் பக்கம் நடக்கும் சுடலைமாடன் கோயில் கொடை விழாவைப் பற்றி ஆய்வேடு எழுதி வருகிறேன். அதன் மூன்றாம் இயலுக்குக் 'கொடைச் சடங்குகளில் தொல்மனச் சிந்தனையின் எச்சங்கள்' என்று தலைப்பிட்டிருந்தேன். நெறியாளர் அந்த வரியின் கீழே கோடிட்டு, ஓரத்தில் 'யாருடைய மனம்?' என்று மட்டும் எழுதித் திருப்பித் தந்துவிட்டார். நூலகத்தில் நான் புரட்டிய கட்டுரைகள் பலவற்றில் இந்தத் தொடர், தருக்கம் வளராத பழங்கால மனத்தின் சிந்தனை என்ற பொருளில், எவ்விதத் தயக்கமும் இன்றிப் புழங்குகிறது. சாமக்கொடையில் சாமியாடி மயானத்துக்கு வேட்டைக்குப் போகும்போது யாரும் எதிரே வரக்கூடாது என்பது, அவர் பூசும் திருநீறு பிள்ளையின் பயத்தைத் தெளிவிக்கும் என்பது, கொடை தட்டிப்போனால் ஊருக்கு ஏதேனும் வரும் என்பது ஆகிய எல்லாவற்றையும் ஒரே குடைக்குள் கொண்டுவர வேறு வழி எனக்குத் தெரியவில்லை. இந்தக் கருத்தைக் கையாளலாமா, கையாண்டால் எந்த அளவுக்கு என்பதை அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பொருநைக்கரை

தம்பி, உங்கள் நெறியாளர் இரண்டே சொற்களில் சரியான இடத்தைத் தொட்டிருக்கிறார். இந்தக் கருத்து எங்கிருந்து கிளம்பி எங்கே வந்து நின்றது என்பதைத் தெரிந்துகொண்டால், எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்பது ஓரளவு தெளியும்.

உங்கள் தலைப்பில் உள்ள 'எச்சம்' என்பதே ஆங்கிலேய மானிடவியலாளர் டைலர் 1871இல் முன்வைத்த கருத்து. மனிதகுலம் முழுவதும் ஒரே ஏணியில் ஏறுகிறது, சிலர் கீழ்ப்படியில் நின்றுவிட்டார்கள், மேலே ஏறியவர்களிடமும் கீழ்ப்படியின் பழக்கங்கள் சில ஒட்டிக்கொண்டிருக்கின்றன என்பது அவர் பார்வை. 1890இல் வந்த தம் நூலின் 1900ஆம் ஆண்டு இரண்டாம் பதிப்பில், மானிடவியலாளர் பிரேசர் அந்த ஏணிக்கு மந்திரம், சமயம், அறிவியல் என்று மூன்று படிகளைக் குறித்துக் கொடுத்தார். ஏணி இன்று செல்லாது. ஆனால் மந்திரத்தின் உள்ளே இயங்கும் இரண்டு தொடர்புகளைப் பிரேசர் பிரித்துக் காட்டியது இன்றும் உதவுகிறது. மழை பொய்த்தபோது கொடும்பாவி கட்டித் தெருவில் இழுத்து ஒப்பாரி வைப்பதில், கண்ணீர் வழிவது மழை வழிவதை அழைத்து வரும் என்ற எண்ணம் இருப்பதாகக் கொண்டால், அது ஒத்த மந்திரம். ஒருவர் காலடி மண்ணையும் தலைமுடியையும் எடுத்து அவருக்குச் செய்வினை வைப்பது தொத்து மந்திரம். இந்த இரண்டு பெயர்களும் செயலின் அமைப்பைச் சொல்கின்றன. செய்பவரின் மூளையைப் பற்றி அவை எதுவும் சொல்வதில்லை.

சிக்கல் உண்டானது பிரெஞ்சு மெய்யியலாளர் லெவி-புரூல் 1910இல் எழுதிய நூலில். பிரேசில் நாட்டுப் போரோரோ மக்கள் தாங்கள் சிவப்புக் கிளிகள் என்று சொல்லிக்கொண்டார்கள் என்ற ஒரு பயணக்குறிப்பை எடுத்துக்கொண்டு, ஒரே நேரத்தில் மனிதனாகவும் கிளியாகவும் இருப்பதில் அவர்களுக்கு முரண்பாடு தெரிவதில்லை, அவர்கள் சிந்தனையைத் தருக்கம் ஆள்வதில்லை, ஒன்று தானாகவும் வேறொன்றாகவும் இருக்கலாம் என்னும் 'பங்கேற்பு விதி' ஆள்கிறது என்றார். தருக்கத்துக்கு முந்திய மனம் என்று அதற்குப் பெயரும் வைத்தார். நம் கட்டுரையாளர்கள் பலர் இந்த 1910ஆம் ஆண்டோடு நின்றுவிடுகிறார்கள் என்பதுதான் என் நெடுநாள் வருத்தம். ஏனென்றால் அதே லெவி-புரூல் 1939இல் இறப்பதற்கு முன் தம் குறிப்பேடுகளில் அந்தக் கருத்தைத் தாமே கைவிட்டார். தருக்கத்துக்கு முந்தியது என்று தனியாக ஒரு மனம் கிடையாது, பங்கேற்பு உணர்வு எல்லா மனித மனங்களிலும் உண்டு, சில சமூகங்களில் அது கூடுதலாக வெளிப்படுகிறது, அவ்வளவே என்று எழுதினார். அந்தக் குறிப்பேடுகள் 1949இல் அச்சாயின. அமெரிக்காவில் மானிடவியலாளர் பிரான்ஸ் போவாஸ் 1911இலேயே, வேறுபாடு மனத்தின் திறனில் இல்லை, ஒவ்வொரு மக்களும் வழிவழியாகப் பெற்றுக்கொள்ளும் கருத்துகளில்தான் இருக்கிறது என்று வாதிட்டிருந்தார்.

இதற்கு ஒரு சோதனைச் சான்றும் உண்டு. உளவியலாளர் பால் ரோசினும் அவர் குழுவினரும் 1986இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்கர்கள் சிலரிடம் கடையில் வாங்கிய சர்க்கரையை இரண்டு புட்டிகளில் கொட்டிக் காட்டினார்கள். ஒன்றில் 'சர்க்கரை' என்றும் மற்றொன்றில் 'சோடியம் சயனைடு' என்றும் சீட்டு ஒட்டியவர்கள் அந்த ஆட்களேதான். இரண்டும் ஒரே சர்க்கரை என்று நன்றாகத் தெரிந்திருந்தும், சயனைடு என்று எழுதிய புட்டியிலிருந்து எடுத்ததைக் குடிக்க அவர்களில் பலர் தயங்கினார்கள். அந்தத் தயக்கத்தை யாரும் தொல்மனத்தின் எச்சம் என்று எழுதவில்லை. நம் ஊர்ச் சாமியாடியைப் பற்றி மட்டும் ஏன் அப்படி எழுத வேண்டும்?

குற்றாலத்துக் குரங்கு

அண்ணாச்சி சொல்வது படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் எல்லாருக்கும் உண்டு என்று சொல்லிவிட்டால் யாரையும் எதுவும் கேட்க முடியாமல் போய்விடும் என்பது என் கவலை. எங்கள் பக்கம் வயலில் பாம்பு கடித்தவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாமல் விஷக்கல் வைப்பவரிடம் தூக்கிக்கொண்டு போகிறார்கள். நச்சுமுறிவு மருந்து ஏற்றினால் பிழைக்க வேண்டியவர், கல் ஒட்டிக்கொண்டிருக்கும் வரை காத்திருந்து கண் சொருகிப் போகிறார். இதைத் தொல்மனம் என்று சொல்லாமல் 'மாற்றுச் சிந்தனை முறை' என்று மரியாதையாக எழுதினால் செத்தவர் திரும்பி வருவாரா? கடுமையான சொல்லுக்கும் ஒரு வேலை இருக்கிறது. அதைப் பிடுங்கிவிடாதீர்கள்.

உவரிக் கடல்

நான் கடற்கரையில் பிறந்தவன். மானிடவியலாளர் மலினோவ்ஸ்கி முதல் உலகப்போர்க் காலத்தில் நியூ கினி அருகே உள்ள டிரோபிரியாண்டு தீவுகளில் தங்கியிருந்தபோது கவனித்த ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். உள்கழியில் மீன் பிடிப்பது ஆபத்தும் ஐயமும் இல்லாத வேலை. அதற்கு அந்த மக்கள் மந்திரம் எதுவும் செய்வதில்லை. திறந்த கடலுக்குப் போகும்போது மட்டும் விரிவான மந்திரச் சடங்குகள் உண்டு. அதே மனிதர், அதே மூளை, ஆனால் கடல் வேறு.

எங்கள் கரையிலும் அப்படித்தான். கரையில் தெரியும் கோயில் கோபுரத்தையும் அதன் பின்னால் உள்ள மலை முகட்டையும் நேர்கோட்டில் வைத்து, இன்னொரு பக்கம் வேறு இரண்டு அடையாளங்களை நேர்கோட்டில் வைத்து, இரண்டும் வெட்டும் இடத்தில் கடலடிப் பாறை இருக்கிறது என்று எங்கள் அப்பா துல்லியமாகச் சொல்லுவார். இதைக் கணியம் பார்ப்பது என்போம். வாடைக்காற்றில் வலை எப்படி இழுபடும், நீரோட்டம் எந்தப் பக்கம் திரும்பும் என்பதையும் கணக்காகச் சொல்லுவார். இவற்றுக்கெல்லாம் அவர் சாமியைக் கூப்பிட்டதில்லை. ஆனால் புதுப்படகை இறக்கும் அன்று அந்தோணியார் கோயிலில் மந்திரித்த தண்ணீர் தெளிக்காமல் கயிற்றை அவிழ்க்க விடமாட்டார். தொல்மனம் என்று எழுதுகிறவர்கள் அந்தத் தண்ணீரை மட்டும் பார்த்து எழுதுகிறார்கள். கணியத்தைப் பார்ப்பதே இல்லை.

பொருநைக்கரை

குற்றாலத்தாருக்கு இரண்டு பதில்கள் உண்டு. இரண்டாவதுதான் முக்கியம் என்பதால் முதலாவதைச் சுருக்கிக்கொள்கிறேன்.

விஷக்கல்லை எதிர்ப்பதற்குத் தொல்மனம் என்ற கருத்து தேவையே இல்லை. அது பலன் தராது, காலத்தை வீணடிக்கும், அதனால் ஆள் சாவார் என்பதே போதுமான வாதம்.

இனி இரண்டாவது. விஷக்கல் வைப்பவரிடம் மக்கள் ஏன் போகிறார்கள் என்பதைத் தொல்மனம் என்ற சொல் விளக்குவதில்லை. விளக்கிவிட்டது போன்ற ஒரு மயக்கத்தை மட்டும் தருகிறது. நடப்பது என்னவென்று பாருங்கள். நம் வயல்களில் கடிக்கும் பாம்புகளில் பெரும்பாலானவை நஞ்சற்றவை. நாகமோ விரியனோ கடித்தால்கூடச் சில வேளைகளில் நஞ்சு இறங்குவதில்லை. ஆகவே கல் வைத்தவர்களில் மிகப் பலர் எதுவும் செய்யாவிட்டாலும் பிழைத்திருப்பார்கள். பிழைத்தவர் ஊருக்குள் நடமாடிக்கொண்டே அந்தக் கல்லுக்குச் சாட்சி சொல்கிறார். இறந்தவரைப் பற்றி 'கொண்டுவர நேரமாகிவிட்டது' என்று சொல்லிவிடுகிறார்கள். கண்ணால் கண்டதை வைத்து முடிவு கட்டுவது இது. பிழை இருப்பது எண்ணிக்கையில், ஒப்பிட்டுப் பார்க்க மறு தரப்பு இல்லாததில். இதே பிழையைப் பங்குச்சந்தையில் ஆலோசனை விற்பவரிடம் பணம் கட்டுகிற பட்டதாரியும் செய்கிறார். நோய் எது என்று தெரிந்தால்தானே மருந்து சொல்ல முடியும்? விஷக்கல்லிடம் போகிறவரிடம் 'உன் மனம் பழையது' என்று சொல்வதைவிட, 'கடித்தது எந்தப் பாம்பு என்று தெரியாமல் கல் வேலை செய்ததா இல்லையா என்று எப்படித் தெரியும்?' என்று கேட்பது அவர் காதில் ஏறும்.

மயங்கக் கூடாத இன்னொரு வேறுபாடும் உண்டு. மானிடவியலாளர் எவான்ஸ்-பிரிட்சார்டு 1937இல் அன்றைய சூடானின் அசாண்டே மக்களைப் பற்றி எழுதியதை நினைவுகூர்கிறேன். வெயில் நேரத்தில் தானியக் குதிரின் நிழலில் ஆட்கள் உட்கார்ந்திருக்கும்போது அது சரிந்து விழுகிறது. தாங்குகால்களைக் கரையான் அரித்தது அங்கே எல்லாருக்கும் தெரியும். அதை அவர்கள் மறுக்கவில்லை. இந்த ஆட்கள் உட்கார்ந்திருந்த இந்த நேரத்தில் அது ஏன் விழ வேண்டும் என்பதற்கு மட்டும் சூனியத்தைக் காரணமாகச் சொன்னார்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் தாமிரபரணிக் கரையில் மண்சுவர்கள் விழுந்தபோது நானும் இதைக் கேட்டேன். சுவர் ஊறினால் விழும் என்பதில் யாருக்கும் குழப்பம் இல்லை. 'அடுத்த வீட்டுச் சுவரும் அதே மண்ணுதான், அது நிக்குதே' என்று ஒரு அம்மா கேட்டார்கள். பிறகு தாங்களே, 'ரெண்டு வருசமா பேச்சியம்மைக்குப் பொங்கல் வைக்கலை' என்றார்கள். அந்தக் கேள்விக்குப் பொறியியல் பதில் சொல்லாது. தற்செயல் என்றுதான் சொல்லும். தற்செயலைப் பதிலாக ஏற்க மனம் தயங்குவது படித்தவர் வீட்டிலும் நடக்கிறது.

டீச்சரம்மா_அம்பை

நான் அரசுப் பள்ளியில் கணக்கு நடத்துகிறவள். சோவியத் உளவியலாளர் லூரியா 1931, 1932ஆம் ஆண்டுகளில் உஸ்பெகிஸ்தான் கிராமங்களில் கேட்ட கேள்வி ஒன்று உண்டு. பனி மூடிய தொலைவடக்கில் கரடிகள் எல்லாம் வெள்ளை, இன்ன தீவு தொலைவடக்கில் இருக்கிறது, அங்கே கரடி என்ன நிறம்? எழுத்தறியாத உழவர்கள் பலர், 'நான் பார்த்ததில்லை, பார்த்தவரைக் கேளுங்கள்' என்று சொல்லிவிட்டார்கள். அவர்களால் அருவமாகச் சிந்திக்க முடியாது என்று இதைச் சிலர் விளக்கினார்கள்.

என் வகுப்பில் இதையே மறுபக்கமாகப் பார்த்திருக்கிறேன். 'ஒரு கடைக்காரர் கிலோ 40 ரூபாய்க்கு வாங்கிய தக்காளியை 30 ரூபாய்க்கு விற்றால் நட்டம் எவ்வளவு' என்று கேட்டேன். தாயாருடன் சந்தையில் உட்காரும் ஒரு பையன், 'அவர் ஏன் டீச்சர் 30க்கு விற்கிறார், சாயங்காலம் ஆகிவிட்டதா?' என்று திருப்பிக் கேட்டான். அவனுக்குக் கழித்தல் தெரியாமல் இல்லை. கேள்விக்குள்ளேயே அடைபட்டுப் பதில் சொல்லும் விளையாட்டைப் பள்ளிக்கூடம்தான் பழக்குகிறது. உளவியலாளர்கள் ஸ்க்ரிப்னரும் கோலும் லைபீரியாவின் 'வாய்' (Vai) என்னும் இன மக்களிடையே செய்து 1981இல் வெளியிட்ட ஆய்வும் ஏறக்குறைய இந்தத் திசையில்தான் போகிறது. அங்கே பள்ளிக்குப் போகாமலேயே தங்கள் எழுத்தைக் கற்றவர்கள் உண்டு. எழுத்தறிவால் மட்டும் இந்த மாற்றம் வரவில்லை, பள்ளிப் படிப்பே இத்தகைய கேள்விகளுக்கு ஆளைத் தயார்படுத்துகிறது என்று கண்டார்கள்.

திசையன்விளை

இடையன்குடிப் பக்கத்து ஆள் நான். தொல்மனம் என்ற எண்ணம் நம் மண்ணில் யார் மீது விழுந்தது என்பதை மாணவர் தம் இயலில் தவறாமல் எழுத வேண்டும். 1841இல் இடையன்குடிக்கு வந்த கால்டுவெல், எட்டு ஆண்டுகள் கழித்து வெளியிட்ட சிறுநூலில், எங்கள் பக்கத்துப் பனைத்தொழிலாளர் சமுதாயத்தின் வழிபாட்டைப் பேய் வழிபாடு என்று வகைப்படுத்தினார். அதோடு நில்லாமல் அவர்களின் அறிவுத்திறனையும் மிகத் தாழ்த்தி எழுதினார். பிற்காலத்தில் அச்சமுதாயத்தினர் அந்த நூலைக் கடுமையாக எதிர்த்தார்கள். அதே கால்டுவெல்தான் 1856இல் திராவிட மொழிகளுக்கு ஒப்பிலக்கணம் தந்தவர் என்பதால் அவரை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் முடியவில்லை.

அறிவுத்திறன் குறைந்தவர்கள் என்று அவர் எழுதிய அந்த ஆட்கள் அன்றாடம் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? விடியலுக்கு முன் பனையேறி, பாளையை இடுக்கியால் பதமாக நசுக்கி, நுனியை மெல்லிய சீவலாகச் சீவி, கலயத்தைக் கட்டினார்கள். ஆண்பனைப் பாளைக்கு ஒரு பக்குவம், பெண்பனைப் பாளைக்கு வேறு பக்குவம். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவுவார்கள். தடவாவிட்டால் வெயில் ஏறுவதற்குள் புளித்துக் கள்ளாகிவிடும். கூடுதலாகத் தடவினால் பதநீர் சுவை கெட்டுக் கருப்பட்டியும் சரியாக வராது. எவ்வளவு தடவ வேண்டும் என்பதை விரல் நுனி அறியும். புளிப்பேற்றும் நுண்ணுயிர் சுண்ணாம்பின் காரத்தில் பெருகாது என்பது பாடப்புத்தகம் சொல்லும் காரணம். காரணத்தைச் சொல்லத் தெரியாதவர்களும் விளைவைச் சோதித்துச் சோதித்து அளவைப் பிடித்தவர்கள். இதைச் சிந்தனை என்று கொள்ளாமல், ஆண்டுக்கு ஒரு நாள் ஆடும் கொடையை மட்டும் சிந்தனை என்று கொண்டால் கணக்கு எப்படிச் சரியாக வரும்?

கால்டுவெல்லின் சடங்கு வருணனைகள் பயனுள்ளவை. வேறு எங்கும் கிடைக்காத விவரங்கள் அவற்றில் உண்டு. அவற்றை எடுத்துக்கொள்ளலாம். அவற்றோடு ஒட்டிவரும் மனத்தீர்ப்பைப் பிரித்து வைத்துவிட வேண்டும்.

பாபநாசம் மேலணை

கூடுதலாக ஒரு தகவல். இந்திய அரசே 'தொன்மைப் பழங்குடிக் குழுக்கள்' என்று ஒரு வகையை வைத்திருந்தது. வேளாண்மைக்கு முந்திய தொழில்நுட்பம், குறைந்த எழுத்தறிவு, பெருகாத மக்கள்தொகை போன்றவை அதன் அளவுகோல்கள். 2006இல் அந்தப் பெயரைக் கைவிட்டு, 'குறிப்பாக நலிவுற்ற பழங்குடிக் குழுக்கள்' என்று மாற்றிக்கொண்டது. தமிழ்நாட்டில் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய ஆறு குழுக்கள் அதில் வருகின்றன. எங்கள் மலையில் வாழும் காணிக்காரர்கள் அந்தப் பட்டியலில் ஒருபோதும் இல்லை. இருந்தும் அவர்களைத் 'தொல்மனத்தினர்' என்று எழுதிய கட்டுரைகளைப் பார்த்திருக்கிறேன். மலைக்கு அப்பால் கேரளப் பக்கம் 1987இல் ஆய்வாளர்களுடன் காடேறிய காணி வழிகாட்டிகள் ஏதோ ஒரு பழத்தைத் தின்றுகொண்டு களைக்காமல் நடந்தார்கள். அதைக் கவனித்துக் கேட்டதிலிருந்துதான் ஆரோக்கியப்பச்சை என்னும் மூலிகை வெளியுலகுக்குத் தெரிந்து, அதிலிருந்து மருந்தும் வந்தது.

குற்றாலத்துக் குரங்கு

பனை, கடல், மூலிகை எல்லாம் சரி. எனக்கு மறுப்பில்லை. ஆனால் இந்த இழை மெல்ல மெல்ல ஒரு புகழ்ப்பாட்டாக மாறுவதைப் பார்க்கிறேன். கலயத்தின் சுண்ணாம்பை அளந்த அதே ஊர், பிள்ளை இறந்தால் ஒரு விதவையைக் காட்டி, 'இவள் கண் பட்டது' என்றும் சொன்னது. தொத்து மந்திரம் என்று அமைதியாகப் பெயர் சூட்டிவிட்டுப் போனால் அந்தப் பெண்ணின் பக்கம் யார் நிற்பது? அண்ணாச்சி சொன்ன சர்க்கரைப் புட்டிக்காரர்கள் தயங்கினார்கள், அவ்வளவுதான். அதற்காக எவரையும் ஊரைவிட்டு விலக்கவில்லை. தயக்கத்துக்கும் தண்டனைக்கும் இடையே உள்ள தூரத்தை உங்கள் கருத்து கணக்கில் எடுக்கிறதா?

பொருநைக்கரை

இது வலுவான கேள்வி. அந்தத் தூரத்தை மனத்தின் வகை தீர்மானிப்பதில்லை என்பதே என் பதில். சந்தேகம் எல்லாருக்கும் வருகிறது. அதன்மீது நடவடிக்கை எடுக்கும் அதிகாரம் யார் கையில் இருக்கிறது, குற்றம் சாட்டப்படுகிறவருக்குத் துணை உண்டா, மறுத்துப் பேச ஊர்க்கூட்டத்தில் இடம் உண்டா என்பவைதான் தண்டனையைத் தீர்மானிக்கின்றன. விதவையின் மீது பழி விழுவதும் வசதியான வீட்டு மருமகள் மீது விழாததும் சிந்தனை முறையால் விளைவதல்ல. ஆகவே அந்த அநீதியைத் தொல்மனம் என்று எழுதினால், பழி சுமத்தியவர்கள் தப்பித்துக்கொள்வார்கள். 'பாவம், அவர்களுக்கு அப்படித்தான் சிந்திக்கத் தெரியும்' என்றாகிவிடும். கடுமையான சொல் என்று நீங்கள் கருதுவது உண்மையில் மிக இளக்காரமான சொல்.

புகழ்ப்பாடு என்ற குறையை ஓரளவு ஏற்கிறேன். பழங்குடியினரின் சிந்தனையைப் பற்றி மானிடவியலாளர் லெவி-ஸ்ட்ராஸ் 1962இல் எழுதிய நூலுக்குப் பிறகு அந்தப் பக்கம் சாய்ந்தவர்களும் உண்டு. பழங்குடி வகைப்பாடுகள் எல்லாம் அறிவியலுக்கு நிகரானவை என்று பொத்தாம்பொதுவாக எழுதுவதும் விவரம் பாராத எழுத்தே.

களக்காட்டு மாணவன்

அனைவருக்கும் நன்றி. இயலின் தலைப்பை 'கொடைச் சடங்குகளில் ஒத்த, தொத்துத் தொடர்புகளும் ஊரின் காரணத் தேடலும்' என்று மாற்றி எழுதியிருக்கிறேன். தொல்மனம் என்ற சொல் முன்னாய்வு வரலாற்றைச் சொல்லும் பகுதியில் மட்டும் வரும். அங்கேயும் யார் எந்த ஆண்டில் சொன்னார், பிறகு விட்டாரா என்பதோடு சேர்த்தே வரும். எங்கள் ஊர்ச் சாமியாடி மின்வாரியத்தில் வயர்மேன். கொடைக்கு முந்திய நாள் ஒலிபெருக்கிக்கு இழுத்த வயரில் மேல்தோல் உரிந்த இடத்தை அவர்தான் கண்டுபிடித்துச் மின்காப்பு நாடா ஒட்டினார். மறுநாள் சாமத்தில் சல்லடமும் குல்லாயும் அணிந்து, பந்தத்தோடு மயானத்துக்குப் போனார். இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதலாமா, அல்லது பின்னிணைப்பில் வைக்க வேண்டுமா என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை.

பொருநைக்கரை

ஒரே பக்கத்தில் எழுதுங்கள், தம்பி. பின்னிணைப்பை யாரும் படிப்பதில்லை. வயர் சரியில்லை என்று அவருக்கு எப்படித் தெரிந்தது, சாமி வருகிறது என்று எப்படித் தெரிகிறது என்ற இரண்டையும் அவரிடமே கேட்டு, அவர் சொன்னபடியே பதிவு செய்யுங்கள்.

குற்றாலத்துக் குரங்கு

கேட்கும்போது இன்னொன்றையும் சேர்த்துக் கேளுங்கள். திருநீறு வாங்க வந்தவர்களில் எத்தனை பேர் அதற்கு முன்பே ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்தார்கள், எத்தனை பேர் போகாமலே வந்தார்கள் என்று வீடு வீடாகப் போய் எழுதிக்கொள்ளுங்கள். அந்தக் கணக்கு ஆய்வேட்டில் வந்தால், தலைப்பு என்னவாக இருந்தாலும் எனக்குச் சம்மதம்.

களக்காட்டு மாணவன்

நல்ல யோசனை, ஐயா. கேள்விப் பட்டியலில் சேர்த்துவிட்டேன். கொடைக்கு வந்த வீடுகளின் பெயர்கள் வரி நோட்டில் இருக்கின்றன. அதை வைத்துக்கொண்டு வருகிற ஞாயிற்றுக்கிழமை கீழத்தெருவிலிருந்து தொடங்குகிறேன்.